இதில் என் பேர் இல்லையே

தேக்கா நிலையத்தின் அஞ்சல் குறியீடு 210665. கடைசி மூன்று இலக்கங்கள் புளோக்கின் எண். பஃபலோ சாலையில் நின்று அண்ணாந்து பார்த்தால் அதே 665. சிங்கப்பூருக்கு இந்த ஆறிலக்க முறை 1995இல்தான் வந்தது. அதற்கு முன்பு நாலு இலக்கம். இப்போது எண்ணை மட்டும் எழுதிப் போட்டாலே கடிதம் கட்டடம் வரைக்கும் வந்துவிடும். ஆனால் கட்டடத்துக்கு வந்தது ஆளுக்கு வந்ததாகிவிடாது. வீட்டு எண் வேண்டும், பேர் வேண்டும். பேரில்லாத கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு தபால் பெட்டி வரிசைக்கு முன்னால் முழித்துக்கொண்டு நிற்பது என்ன பாடு என்று எனக்குத் தெரியும். 1980 முதல் 2014 வரை நான் தபால்காரன். பெரும்பாலும் லிட்டில் இந்தியா வட்டாரம். வாரத்தில் ஆறு நாள் தோளில் பை, ஞாயிற்றுக்கிழமை கையில் பைபிள்.

தபால் வேலையில் என்னோடு இருந்த ஒரு நண்பருடன் இன்றைக்கும் வாரம் ஒருமுறை தேக்காவில் உட்கார்ந்து டீ குடிக்கிறேன். நெற்றி நிறைய விபூதி பூசுகிற மனுஷர். போன மாதம் திடீரென்று கேட்டார்: "ஏம்ப்பா, ஒண்ணு கேட்கிறேன், கோவிச்சுக்காதே. நாங்க யாராவது உங்க வீட்டுக் கதவைத் தட்டி விபூதி பூசிக்கோன்னு சொல்றோமா? நீங்க மட்டும் ஏன் வந்து வந்து சொல்றீங்க?"

நாற்பது வருஷப் பழக்கத்தில் அவர் கேட்காமல் வைத்திருந்த கேள்வி. பதில் சொல்வதற்குள் டீ ஆறிவிட்டது. அன்றைக்குச் சரியாகச் சொல்லவும் இல்லை. இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

மத்தேயு எழுதிய சுவிசேஷம் ஒரு மலையில் முடிகிறது. உயிர்த்தெழுந்த இயேசு பதினொரு சீடரையும் கூப்பிட்டு, எல்லா இனத்தாரிடமும் போய் அவர்களையும் சீடராக்கச் சொல்லி அனுப்புகிறார். சபைகளில் இதை 'மகா கட்டளை' என்பார்கள். போதகர்களுக்கு மட்டும் வந்த கட்டளை அல்ல. ஞானஸ்நானம் வாங்கிய எல்லாருக்கும் வந்தது என்பதுதான் எங்கள் போதனை. அப்போஸ்தலன் என்ற கிரேக்கச் சொல்லுக்கு அனுப்பப்பட்டவன் என்று பொருள். மிஷன் என்ற சொல்லின் வேரிலும் அனுப்புதல்தான் இருக்கிறது. சுவிசேஷம் என்றால் நல்ல செய்தி. ஆக, எங்கள் மார்க்கத்தின் அடிப்படைச் சொற்களில் பாதி தபால் நிலையத்துச் சொற்கள். செய்தி வந்திருக்கிறது, அனுப்பியவர் இன்னார், நீ கொண்டுபோய்க் கொடு. விபூதியும் திருமணும் பிறப்போடும் குலத்தோடும் வருகிற வீட்டிலிருந்து பார்த்தால் இது விசித்திரமாகத்தான் தெரியும். எங்கள் பக்கத்திலிருந்து பார்த்தால், செய்தியை வாங்கிக்கொண்டு பைக்குள்ளேயே வைத்துக்கொள்வதுதான் தப்பு.

இது கோட்பாடு. நடைமுறையில் நான் செய்த கூத்தைச் சொல்கிறேன்.

1986. எனக்கு 28 வயது. எங்கள் வாலிபர் குழுவில் ஏழெட்டுப் பேர். வெள்ளிக்கிழமை சாயங்காலம் சிராங்கூன் சாலையில் கைப்பிரதி கொடுப்பது என்று முடிவாயிற்று. எங்கே கூட்டம் அதிகம்? கோயில் வாசலில். எந்தக் கோயில் என்பதை விட்டுவிடுகிறேன். உள்ளே போகிறவர்களுக்கும் வெளியே வருகிறவர்களுக்கும் ஒரு மடிப்புத்தாள். நாங்கள் வைராக்கியம் என்று நினைத்தோம். யாரும் எங்களை அடிக்கவில்லை, திட்டவில்லை. சிலர் வாங்கினார்கள், சிலர் கையை விலக்கிக்கொண்டு போனார்கள்.

பக்கத்தில் ஒரு பூக்கடை. ராமநாதபுரத்து அம்மா ஒருவர் ஐந்தடி நடைபாதையில் பலகை போட்டு உட்கார்ந்திருப்பார். வாழைநாரை ஈரத்துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, முகத்தை ரோட்டின் பக்கம் திருப்பியபடியே விரல் மட்டும் மல்லிகையைக் கட்டிக்கொண்டு போகும். ஊரிலிருந்து அவருடைய தம்பி அனுப்புகிற நீல ஏரோகிராமை மாதம் ஒருமுறை நான்தான் கொண்டுவந்து கொடுப்பேன். அன்றைக்கு யூனிஃபார்ம் இல்லாமல் வந்த என்னை அடையாளம் கண்டு சிரித்தார். நானும் சிரித்து ஒரு கைப்பிரதியை நீட்டினேன். நாரைக் கீழே வைத்து, கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"தம்பி, எப்பவும் என் பேர் எழுதின காகிதம்தானே கொண்டாருவே. இதில் என் பேர் இல்லையே."

கிண்டல் இல்லை. உண்மையிலேயே கேட்டார். அவருக்குப் படிக்கத் தெரியாது. தன் பேரின் வடிவம் மட்டும் தெரியும். "எல்லாருக்கும் கொடுக்கிறதும்மா" என்றேன். "ஓ, எல்லாருக்குமா" என்று மடித்துப் பூக்கூடைக்கு அடியில் வைத்தார். மறுபடி நாரை எடுத்துக்கொண்டார்.

அந்த ஓ எனக்கு ரொம்ப நாள் காதில் இருந்தது.

மூன்று வருஷம் கழித்து, 1989 டிசம்பரில், மத நல்லிணக்கத்தைப் பேணுவது பற்றி அரசாங்கம் ஒரு வெள்ளை அறிக்கை வெளியிட்டது. அதன் இணைப்பில் பல மதங்களுக்கிடையே நடந்த உரசல்களின் பட்டியல். அதில் இந்துக்களின் மனத்தாங்கல் ஒன்றும் இருந்தது: 1986 ஆகஸ்டில் ஒரு கோயில் வாசலில் கிறிஸ்தவக் கருத்தரங்கின் சுவரொட்டி ஒட்டப்பட்டிருந்தது, சிராங்கூன் சாலைக் கோயில்களுக்குப் போகிற பக்தர்களிடம் கிறிஸ்தவர்கள் துண்டுப்பிரசுரம் கொடுத்தார்கள். சுவரொட்டி எங்கள் வேலை இல்லை. துண்டுப்பிரசுரம்? அரசாங்க அறிக்கையில் நம்முடைய வைராக்கியம் புகாராக ஏறியிருப்பதைப் படிக்கும்போது காது சுடும்.

அந்த அறிக்கையைத் தொடர்ந்து 1990இல் சமய நல்லிணக்கப் பராமரிப்புச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறி, 1992இல் நடப்புக்கு வந்தது. சமயத்தின் பேரால் பகையைத் தூண்டுகிறவருக்குத் தடையாணை பிறப்பிக்க அமைச்சருக்கு அதிகாரம். 2019இல் சட்டத்தைத் திருத்தியபோது, அதுவரை ஒருமுறைகூட அந்தத் தடையாணையைப் பயன்படுத்தவில்லை என்று அரசாங்கம் சொன்னது. ஓங்கிய கை, இறங்கவில்லை. பள்ளிக்கூடத்தில் பிரம்பை மேசைமேல் வைத்திருக்கிற வாத்தியார் மாதிரி.

இதனால் இங்கே மதத்தைப் பற்றிப் பேசுவதே குற்றம் என்று நினைக்கிறவர்கள் உண்டு. தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வருகிறவர்கள் முக்கியமாக. அப்படி இல்லை. சிங்கப்பூர் அரசியலமைப்பின் 15ஆவது விதி ஒருவர் தன் சமயத்தைக் கொள்ளவும், கைக்கொள்ளவும், பரப்பவும் உரிமை தருகிறது. பக்கத்து மலேசியாவில் முஸ்லிம்களிடையே பிற சமயத்தைப் பரப்புவதை மாநிலங்கள் கட்டுப்படுத்தலாம் என்று அரசியலமைப்பே சொல்கிறது; இங்கே அந்தப் பிரிவு இல்லை. இந்திய அரசியலமைப்பின் 25ஆவது விதியிலும் பரப்பும் உரிமை இருக்கிறது. ஆனால் பரப்புவது என்பது இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை ஆகாது என்று 1977இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. அந்தத் தீர்ப்பை நான் வேறு விதமாகப் புரிந்துகொள்கிறேன். மாற்றுவது மனுஷன் கையில் இல்லை என்றுதான் பைபிளும் சொல்கிறது. தபால்காரன் கடிதம் கொடுக்கலாம். பிரித்துப் படிக்கவைக்க முடியாது.

என் குடும்பத்துக்குக் கடிதம் எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும்.

என் தாத்தா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஜொகூரில் ஒரு தோட்டத்துக்குப் பால்மரம் சீவ வந்தவர். 1930களின் தொடக்கம். எழுதப் படிக்கத் தெரியாது. மாதம் ஒருமுறை ஒரு உபதேசியார் சைக்கிளில் வருவார். லயத்துக் கடைசி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, கேட்கிறவர்களுக்கெல்லாம் ஊருக்குக் கடிதம் எழுதிக்கொடுப்பார். காசு வாங்கமாட்டார். காசு வாங்காத ஆளைத் தாத்தா நம்பவில்லை. கங்காணியின் ஒற்றன் என்று முதலில் நினைத்தாராம். ஆனால் வேறு வழியில்லை, அம்மாவுக்குச் சேதி சொல்லியாக வேண்டும். தாத்தா சொல்லச் சொல்ல அவர் எழுதுவார். முடிந்ததும் உரக்கப் படித்துக் காட்டுவார். காட்டிவிட்டு, "அம்மாவுக்குக் கால்வலி எப்படி இருக்குன்னு நீ கேட்கலையே, போன கடுதாசியில எழுதியிருந்தாங்களே" என்பார். தாத்தாவுக்கு மறந்துபோனது அவருக்கு நினைவிருக்கும்.

இப்படி இரண்டு வருஷம். அந்த இரண்டு வருஷத்தில் அவர் தன் சாமியைப் பற்றித் தாத்தாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை என்பது எங்கள் வீட்டுக் கதை. கூட்டிச் சொல்லியிருக்கலாம், வீட்டுக் கதைகள் அப்படித்தான். ஒருநாள் ஊரிலிருந்து கறுப்புக் கோடு போட்ட கார்டு வந்தது. தாத்தாவின் அம்மா செத்த சேதி. அதையும் உபதேசியார்தான் படிக்க வேண்டியிருந்தது. பாதியில் அவர் குரல் நின்றுவிட்டது. முகத்தைப் பார்க்காமலே ஒரு கிழவியின் கால்வலியை இரண்டு வருஷம் விசாரித்த மனுஷர். அதற்கப்புறம்தான் தாத்தா கேட்டார்: "நீங்க எந்தச் சாமியக் கும்புடுறீங்க?"

1938இல் ஞானஸ்நானம். பேர் மாறியது. ஊரிலிருந்த அவருடைய தங்கை பதினொரு வருஷம் கடிதம் போடவில்லை. அண்ணன் கொள்ளி வைக்க மாட்டான், திதி கொடுக்க மாட்டான், அம்மாவுக்கு இனி யார் என்பது அந்த அத்தைப் பாட்டியின் கேள்வி. அதற்குத் தாத்தாவிடம் பதில் இருக்கவில்லை. கடிதத்தால் வந்த மார்க்கம் கடிதத்தை நிறுத்திவிட்டது. மதம் மாறுவதைப் பற்றி எங்கள் மேடைகளில் சாட்சி சொல்கிறவர்கள் இந்தப் பகுதியை வேகமாகத் தாண்டிப் போவார்கள். தாண்டக் கூடாது. விலை கொடுத்தவர் ஒருவர். அந்த விலையில் பாதி, கேட்காமலே இன்னொருவர் தலையில் விழுந்தது.

சரி, சிங்கப்பூருக்கு வருவோம்.

செலிகி சாலையிலிருந்து பிரிகிற ஷார்ட் ஸ்திரீட், பேருக்கேற்ற குட்டித் தெரு. அங்கேதான் தமிழ் மெதடிஸ்ட் ஆலயம் நிற்கிறது. மெதடிஸ்டுகள் இந்தத் தீவுக்கு வந்த நாள் 1885 பிப்ரவரி 7. கல்கத்தாவிலிருந்து ஜேம்ஸ் தோபர்ன், அவரோடு வில்லியம் ஓல்தம். ஓல்தம் பெங்களூரில் பிறந்தவர். போதகராவதற்கு முன்னால் நில அளவைத் துறையில் வேலை பார்த்தவர். கையில் பணமில்லை, தங்க இடமில்லை. துறைமுகத்தில் சார்ல்ஸ் பிலிப்ஸ் என்பவர் காத்திருந்து கூட்டிக்கொண்டு போனார். இவர்கள் வருவதை முன்பே கனவில் கண்டதாக அவர் சொன்னார் என்று மெதடிஸ்டுகள் இன்னமும் சொல்வார்கள். கனவை விடுங்கள். எனக்குப் பிடித்தது அதற்கப்புறம் நடந்தது. ஓல்தம் சீன வியாபாரிகளின் விவாத மன்றத்தில் பேசப் போனார். அவர்கள் கேட்டது ஆங்கிலம். சரியென்று சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். 1886 மார்ச் 1 அன்று அமோய் ஸ்திரீட்டில் 13 பையன்களோடு ஒரு பள்ளி தொடங்கியது. அதுதான் ஆங்கிலோ சீனப் பள்ளி.

அடுத்த வருஷம் வந்து சேர்ந்தார் ஆஸ்திரேலியரான சோஃபியா பிளாக்மோர். 1887 ஜூலையில் இறங்கினார், ஆகஸ்டில் ஷார்ட் ஸ்திரீட்டில் ஒரு கடைவீட்டில் பள்ளி நடத்திக்கொண்டிருந்தார். மாணவிகள் ஒன்பது பேர், எல்லாரும் இந்தியப் பெண் பிள்ளைகள். பெண்களைப் படிக்கவைக்க வேண்டும் என்று தமிழ் வியாபாரிகள் சிலரே கேட்டுக்கொண்டதன் பேரில் தொடங்கியது என்பார்கள். பேரே தமிழ்ப் பெண்கள் பள்ளி. அதுதான் வளர்ந்து மெதடிஸ்ட் பெண்கள் பள்ளியாகி, இன்றைக்குப் புக்கிட் தீமா பக்கம் பிளாக்மோர் டிரைவில் இருக்கிறது. இடையில் மவுண்ட் சோஃபியாவிலும் இருந்தது. மலைக்கு அவர் பேரைத்தான் வைத்தார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அந்தப் பேர் அவருக்கு முன்பே உண்டு. இங்கே பெரிய இடத்துப் பிள்ளைகள் படிக்கிற பள்ளி தேக்காவின் ஓரத்தில் ஒன்பது தமிழ்ப் பிள்ளைகளோடு ஆரம்பித்தது என்று நம் ஆட்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

மலாய் பேசும் சீன வம்சத்தாரான பெரனாக்கான்களின் வீடுகளில் அவருக்கு முதலில் கதவு திறக்கவில்லை. பெண்ணுக்குப் படிப்பு எதற்கு என்று திருப்பி அனுப்பினார்கள். அவர் மலாய் படித்துக்கொண்டு வீடுவீடாக மறுபடி போனார். அந்த அலைச்சலில் உருவான சபைதான் 1894இல் தொடங்கி, இப்போது கம்போங் கப்போர் சாலையில் இருக்கும் மெதடிஸ்ட் ஆலயம். நான் தபால் கொண்டுபோன இடம். பாபா மலாய் பேசுகிற நியோன்யாப் பாட்டிகளுக்காக எழுந்த கோயில், வெங்காயமும் மிளகாயும் மொத்தமாக விற்கிற தமிழ்க் கடைகளுக்கு நடுவில்.

கத்தோலிக்கர்கள் வேறு மாதிரி. ஓஃபிர் சாலையில் லூர்து மாதா கோயில் 1888இல் திறந்தது. பிரான்ஸில் இருக்கிற லூர்து பேராலயத்தை மனதில் வைத்துக் கட்டியது, தமிழ்க் கத்தோலிக்கர்களுக்கென்றே. அதற்கு முன் அவர்கள் சீனர்களோடு சேர்ந்து குவீன் ஸ்திரீட்டில் பூசை கண்டார்கள். லூர்து மாதா கோயிலில் யாரும் உங்களை வழிமறித்துத் தாள் நீட்ட மாட்டார்கள். கதவு திறந்திருக்கும், மெழுகுத்திரி இருக்கும், அவ்வளவுதான். தாம்சன் சாலைக் கத்தோலிக்கக் கோயிலில் சனிக்கிழமை நவநாளுக்கு வருகிறவர்களில் கத்தோலிக்கர் அல்லாதவர்கள் ஏராளம். அந்த நவநாளின் பேரையே நொவீனா எம்ஆர்டி நிலையத்துக்கும் வைத்துவிட்டார்கள். என் பெந்தெகொஸ்தே நண்பர்கள் இதை வெதுவெதுப்பு என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வாசலைத் திறந்து வைப்பதும் ஒரு வகையில் சொல்வதுதான்.

2009இல் நான் தபால் வேலையில் இருந்தபோதே ஒரு வழக்கு. ஒரு கிறிஸ்தவத் தம்பதி இஸ்லாத்தை இழிவுபடுத்துகிற சித்திரக்கதைத் துண்டுப்பிரசுரங்களை முஸ்லிம்களுக்குத் தபாலில் அனுப்பியிருந்தார்கள். தேச நிந்தனைச் சட்டத்தின் கீழ் ஆளுக்கு எட்டு வாரச் சிறை. தபால்காரர்கள் நாங்கள் கடிதங்களைப் பிரிப்பதில்லை. இப்படி ஒன்றை நாமே கொண்டுபோய்க் கொடுத்திருப்போமோ என்று ஓய்வறையில் பேசிக்கொண்டோம். பூக்கார அம்மாவின் கேள்வியை அன்றைக்கு நினைத்துப் பார்த்தேன். அந்த உறைகளின்மேல் பேர் இருந்தது, விலாசம் இருந்தது. பேர் இருந்தால் மட்டும் போதாது போலிருக்கிறது. பேருக்குரிய ஆள் யார், அவர் எதை உயிராக நினைக்கிறார் என்று அனுப்பியவருக்குத் தெரியவில்லை. அல்லது தெரிந்தேதான் அனுப்பினாரா? அது இன்னும் மோசம்.

ஆனால் இத்தோடு விட்டால் நான் ஒரு பக்கத்தை மட்டும் சொன்னவன் ஆவேன். 1991இல் என் பையின் அடித்தையல் பிய்ந்து உள்துணிக்குள் ஒரு கடிதம் சிக்கிக்கொண்டது. மூன்று வாரம் கழித்து, பையைத் தைக்கக் கொடுத்தபோதுதான் கிடைத்தது. ஹிண்டூ சாலையில் ஒரு பையனுக்கு வந்த வேலை நேர்காணல் கடிதம். தேதி எப்போதோ போய்விட்டது. அவனுடைய அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு நின்ற நிமிஷத்தை நான் சாகிறவரை மறக்கமாட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. கடிதத்தைச் சரியான ஆளுக்குத்தான் கொடுக்க வேண்டும் என்பது தபால்காரனுக்கு முதல் பாடம் என்றால், கொடுக்காமல் வைத்துக்கொள்ள உனக்கு உரிமை இல்லை என்பது அதற்குச் சமமான பாடம்.

இந்த இரண்டுக்கும் நடுவில்தான் எங்கள் சபையின் ஞாயிற்றுக்கிழமைச் சாயங்காலம் நடக்கிறது.

ஞாயிறு மாலை தேக்காவைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பணம் அனுப்பவும், முடிவெட்டவும், ஊர்க்காரனைப் பார்க்கவும் தொழிலாளர்கள் லாரியிலும் பேருந்திலும் வந்து இறங்குவார்கள். 2013 டிசம்பர் 8 இரவு ரேஸ் கோர்ஸ் சாலையில் பேருந்தில் அடிபட்டு ஒரு தமிழ்த் தொழிலாளி இறந்துபோக, கலவரம் மூண்டது. அதற்குப் பிறகு கொஞ்ச நாள் இந்தத் தெருக்களில் மனுஷர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவே தயங்கினார்கள். அப்போதுதான் எங்கள் சபையில் டீ போட ஆரம்பித்தோம். டீ, ரஸ்க், உட்கார நாற்காலி, கைபேசிக்கு மின்னேற்ற நாலு இணைப்பு. விருப்பமுள்ளவர்களுக்கு ஒரு மணி நேரம் ஆங்கிலம். ஆறரைக்குத் தமிழ் ஆராதனை. இருக்கிறவர்கள் இருக்கலாம், போகிறவர்கள் போகலாம். ஒரு விதி வைத்தோம்: டீயோடு கைப்பிரதி கிடையாது. கேட்டால் சொல், கேட்காவிட்டால் டீ ஊற்று.

விதி எதற்கென்றால், பால்பவுடருக்கு மாறினவன் என்ற கிண்டல் ஊரில் எங்கள் ஜனங்கள் தலைமுறை தலைமுறையாகக் கேட்டது. பசித்தவன் கையில் ரொட்டியையும் வேதத்தையும் ஒன்றாக வைத்தால் அவன் எதை வாங்கினான் என்று அவனுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. 2006இல் ஒரு கிறிஸ்தவ மருத்துவர் கோ வெய் லியோங்கும் ஒரு வியாபாரியும் சேர்ந்து தொடங்கிய ஹெல்த்சர்வ், குறைந்த கட்டணத்தில் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு மருத்துவம் பார்க்கிறது. அங்கே நோயாளியிடம் நீ எந்த மதம் என்று கேட்பதில்லை. நாங்கள் பார்த்துக் கற்றுக்கொண்டது அதைத்தான்.

எல்லாருக்கும் இந்த விதி பிடிக்கவில்லை. எங்கள் கமிட்டியில் ஒரு பையன், பல்கலைக்கழகத்தில் படிக்கிறவன், நேராகக் கேட்டான்: "அப்போ நமக்கும் சமூக மன்றத்துக்கும் என்ன வித்தியாசம் அங்கிள்? அவங்களும் டீ கொடுக்கிறாங்க." எனக்கு என் பையின் கிழிசல் நினைவுக்கு வந்தது. அவன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. இந்த விஷயம் கமிட்டியில் வருஷம் இரண்டு தடவை வரும், இரண்டு தடவையும் முடியாமல் கலையும்.

2020 ஏப்ரலில் தங்கும் விடுதிகள் பூட்டப்பட்டபோது 3 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் உள்ளே. டீ நின்றுபோனது. எங்கள் வருகைப் பதிவேட்டிலிருந்த கைபேசி எண்களைப் பிரித்து ஆளுக்குப் பத்துப் பேர் என்று எடுத்துக்கொண்டோம். தினமும் கூப்பிட வேண்டும். சாப்பிட்டாயா, காய்ச்சல் இருக்கிறதா, வீட்டுக்குப் பேசினாயா, டேட்டா இருக்கிறதா. என் பட்டியலில் பத்துப் பேர், பத்துப் பெயர். மூன்றாவது வாரத்தில் எனக்கு அவர்களுடைய மனைவிமார், பிள்ளைகளின் பேர்கூடப் பாடம். உபதேசியார் எப்படி நினைவில் வைத்திருந்தார் என்று அப்போது புரிந்தது. அதொன்றும் அதிசயம் இல்லை. திரும்பத் திரும்பக் கேட்டால் மனசில் நின்றுவிடும்.

வீட்டுக் கதை ஒன்று மிச்சம். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சிங்கப்பூரில் கிறிஸ்தவர்கள் 18.9 விழுக்காடு. மதமில்லை என்றவர்கள் 20 விழுக்காடு. பத்து வருஷத்துக்கு முன் அது 17. அந்த இருபதில் என் மகனும் ஒருவன். ஞாயிறு பள்ளியில் வசனப் போட்டிக்கெல்லாம் பரிசு வாங்கினவன். சண்டை ஒன்றும் இல்லை, தீபாவளிக்கு முறுக்கு வாங்கி வருவது மாதிரியே கிறிஸ்துமஸுக்கு கேக் வாங்கி வருகிறான். ஊருக்கெல்லாம் சொல்கிற நான் அவனிடம் மட்டும் வாயைத் திறப்பதில்லை. திறந்தால் அவன் சிறுவனாக இருந்தபோது நான் போட்ட அதே குரல் வந்துவிடும் என்று பயம். விபூதி நண்பரிடம் இதைச் சொன்னபோது, "என் மகளும் கோயிலுக்கு வர்றதில்லப்பா" என்றார். இரண்டு பேரும் இன்னொரு டீ சொன்னோம்.

என் பத்துப் பேரில் ஒருவர் அறந்தாங்கிப் பக்கம், கட்டுமான வேலை. முதல் தடவை டீக்கு வந்தபோதே சேறு காய்ந்த சேஃப்டி பூட்ஸை வாசலில் கழற்றி வைத்துவிட்டு, உள்ளே வராமல் நின்று கேட்டவர்: "அங்கிள், நான் அய்யனார் கும்புடுறவன். பரவாயில்லையா?" டீக்கு ஏது சாமி, வா என்றேன். விடுதி பூட்டியிருந்த நாட்களில் தினமும் பேசினோம். ஒருநாள் அவரே கேட்டார், உங்கள் சாமி என்னதான் சொல்கிறார் என்று. தாத்தாவின் கதையிலிருந்து ஆரம்பித்து, சிலுவை வரைக்கும், அரை மணி நேரம் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டார். "நல்லா இருக்கு அங்கிள்" என்றார். அவ்வளவுதான். பெர்மிட் முடிந்து 2022இல் ஊருக்குப் போய்விட்டார். ஊரில் புரவியெடுப்புத் திருவிழாப் படங்கள் அனுப்புவார். மண்குதிரையைத் தோளில் சுமந்துகொண்டு முன்வரிசையில் அவர்தான் இருப்பார். நான் ஈஸ்டருக்கு வாழ்த்து அனுப்புவேன்.

போன வெள்ளிக்கிழமை குரல் செய்தி வந்தது. அம்மாவுக்கு வயிற்றில் கட்டி, புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். "அய்யனாருக்குக் குதிரை நேர்ந்துக்கிட்டேன் அங்கிள். உங்க சாமிகிட்ட எனக்குப் பழக்கமில்ல, நீங்க சொல்லிடுங்க. அம்மா பேர் எழுதிக்கோங்க." பேரை இரண்டு தடவை சொன்னார், ஊர்ப்பேரும் சேர்த்து.

ஆராதனையில் வாசிக்கிற ஜெபக்குறிப்புத் தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஆபரேஷன் செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு. இங்கே பதினொன்றரை. கைபேசியில் அலாரம் வைத்திருக்கிறேன்.